பிரேசிலின் மரினா சில்வா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தபோது, செய்திகளில் அடிக்கடி தென்பட்ட ஒல்லியான, கொண்டை போட்ட அந்த அம்மா யார் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைச்சராக இரண்டு முறை பொறுப்பேற்றவர். முதல் முறை 2003 முதல் 2008 வரை, இரண்டாம் முறை 2023 ஜனவரியில் தொடங்கி. இடையில் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். அமேசான் காட்டுக்குள் ரப்பர் பால் எடுத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தில் 1958 பிப்ரவரி 8-ல் பிறந்தவர். பதினாறு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது.

'சில்வா' என்றால் ஜனாதிபதி லூலாவுக்குச் சொந்தமா?

இல்லை. லூலாவின் முழுப்பெயரிலும் 'டா சில்வா' உண்டு, ஆனால் உறவு எதுவும் கிடையாது. பிரேசிலில் தடுக்கி விழுந்தால் ஒரு சில்வாமேல்தான் விழ வேண்டும், அவ்வளவு சாதாரணமான பெயர். இலங்கையில் இருக்கும் டி சில்வாக்களின் பெயரும் அதே போர்த்துக்கீசிய வழியில் வந்ததுதான்.

இவருடைய இயற்பெயர் மரியா ஒஸ்மரினா. 'மரினா' வீட்டில் கூப்பிட்ட பெயர். தேர்தலில் செல்லப்பெயரைப் பயன்படுத்த அப்போது அனுமதி இல்லை என்பதால், 1986-ல் முதல் தேர்தலுக்காக அதைச் சட்டப்படி சேர்த்துக்கொண்டார்.

ரப்பர் தொழிலாளி குடும்பம் என்றால், நம்ம ஊர் ரப்பர் தோட்டம் மாதிரியா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் அவருடைய அரசியலும் புரியாது.

நான் குலசேகரம் பக்கம் வளர்ந்தவன். எங்கள் ஊரில் பால்வெட்டு என்றால் விடியுமுன் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவது. வரிசை வரிசையாக மரம், ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டை. ஏக்கருக்கு நூற்றைம்பது, இருநூறு மரம் நிற்கும். அண்ணன்மார் சிலர் பேசிக்கொண்டே வெட்டிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

அமேசானில் அப்படி இல்லை. அந்த மரத்துக்குச் சொந்த ஊரே அதுதான் என்றாலும், அங்கே தோட்டம் போட்டால் இலைக்கருகல் நோய் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவி மொத்தத்தையும் மொட்டையடித்துவிடும். ஹென்றி ஃபோர்டே 1928-ல் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரத்தைக் கட்டி முயன்று பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். காட்டில் ரப்பர் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்பதால்தான் பிழைக்கின்றன, ஹெக்டேருக்கு ஒன்றோ இரண்டோ. எனவே அங்கே பால் எடுப்பவர் ஒற்றையடிப் பாதையில் பல மைல் நடந்து, நூறு நூற்றைம்பது மரங்களைத் தேடித்தேடிக் கீற வேண்டும். அப்புறம் அதே பாதையில் மறுபடி நடந்து பாலைச் சேகரிக்க வேண்டும். அவர்களும் இருட்டிலேயே கிளம்புவார்கள். தலையில் மண்ணெண்ணெய் விளக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் ரப்பர் வைக்க வேண்டுமானால் காட்டை வெட்ட வேண்டும். அங்கே காடு நின்றால்தான் ரப்பர். சுற்றியிருக்கும் காட்டை ஒருவன் மாட்டுப் பண்ணைக்காக எரித்தால், பால் எடுப்பவனுடைய அடுப்பு அன்றே அணைந்துவிடும். மரினாவுக்குக் காட்டுப் பாதுகாப்பு என்பது முதலில் சோற்றுப் பிரச்சினை. 'இயற்கை நேசம்' என்ற பேச்செல்லாம் பிறகு வந்தது.

இன்னொன்றும் உண்டு. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். ஆசிய ரப்பர் மலிவாகச் சந்தைக்கு வந்ததும் அமேசான் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. மரினாவின் குடும்பத்து வறுமைக்கும் நம்மவர் கப்பலேறிய கதைக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது.

படிப்பு?

ஆக்ரே மாநிலத் தலைநகர் ரியோ பிராங்கோவிலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளியிருந்த பகாசோ என்ற ரப்பர் காட்டில் அவர் வளர்ந்தார். பிறந்த பதினொரு பிள்ளைகளில் பிழைத்தவர்கள் எட்டுப் பேர். பள்ளிக்கூடம் கிடையாது. கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்துகொண்டார், ரப்பரை எடை போடுகிறவன் ஏமாற்றாமல் இருக்க. பால் எடுப்பவர்கள் முதலாளியின் கடையிலேயே சாமான் வாங்கி, அந்தக் கடனை ரப்பராகவே கட்ட வேண்டிய ஏற்பாடு அது. மலையகத்திலும் மலாயாவிலும் தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து வயதிருக்கும்போது தாய் இறந்தார். மலேரியா பல முறை, மஞ்சள்காமாலை பல முறை. அந்தக் காமாலைக்கு வைத்தியம் பார்க்கத்தான் பதினாறாவது வயதில் நகரத்துக்கு வந்தார். கன்னியாஸ்திரி ஆக ஆசை. மடத்தில் தங்கினார், வீட்டு வேலை பார்த்தார், முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டினார். 26-வது வயதில், 1984-ல், ஆக்ரே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பட்டம் வாங்கிவிட்டார். பத்து வருடத்தில் அ, ஆவிலிருந்து பட்டம்!

சிக்கோ மெண்டிசுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

சிக்கோ மெண்டிஸ் ரப்பர் பால் எடுப்பவர்களின் சங்கத் தலைவர். இருவரும் சேர்ந்து ஆக்ரேயில் தொழிற்சங்க மையத்தைக் கட்டியவர்கள். அவர்களுடைய போராட்ட முறைக்கு 'எம்பாச்சி' என்று பெயர். மரம் அறுக்க ஆட்கள் வரும் இடத்துக்கு ஊரே கிளம்பிப் போய், பெண்களும் குழந்தைகளும் முன்வரிசையில் நின்று வழியை மறிப்பார்கள். அறுக்க வந்த கூலிக்காரர்களிடம் சண்டை போடாமல் பேசிப் பார்ப்பார்கள். அவர்களும் ஏழைகள்தானே.

1988 நவம்பரில் மரினா ரியோ பிராங்கோ நகர மன்றத்துக்குத் தேர்வானார். அடுத்த மாதம் 22-ம் தேதி, ஷாபுரியில் தன் வீட்டுப் பின்வாசலில், குளிக்கப் போகத் தோளில் துண்டோடு வெளியே வந்த சிக்கோ மெண்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 44. ஒரு பண்ணையாரும் அவர் மகனும் 1990-ல் தண்டிக்கப்பட்டார்கள்.

அரசியலில் எப்படி மேலே வந்தார்?

மளமளவென்று. 1988-ல் நகர மன்றம், 1990-ல் மாநில சட்டமன்றம், 1994-ல் 36 வயதில் செனட். எல்லாம் லூலாவின் தொழிலாளர் கட்சி சார்பில். நகர மன்றத்தில் தனக்கு வந்த கூடுதல் சலுகைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், மற்ற உறுப்பினர்களும் கொடுக்க வேண்டும் என்றார். சக உறுப்பினர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. செனட்டில் 1995-லேயே, பழங்குடியினரின் மூலிகை அறிவை எடுத்து மருந்து செய்பவர்கள் அவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். 1996-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

அமைச்சராக இருந்து அப்படி என்ன செய்தார்?

அவர் வந்த புதிதில் நிலைமை படுமோசம். 2003 ஆகஸ்டிலிருந்து 2004 ஜூலை வரையிலான ஒரே ஆண்டில் அமேசானில் அழிந்த காடு 27,772 சதுர கி.மீ. கேரளத்தின் பரப்பு சுமார் 38,860. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை எவ்வளவு அழிந்தது என்பது ஆண்டுக்கு ஒருமுறை, எல்லாம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் தெரியும். திருடன் ஊரைவிட்டே போன பிறகு மணியடிப்பது போல. 2004-ல் இன்பே என்ற விண்வெளி ஆய்வு நிறுவனம் 'டெட்டர்' என்ற முறையைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, காடு வெட்டப்படும்போதே இபாமா என்ற கண்காணிப்புத் துறைக்கு எச்சரிக்கை போகும். தகவல்கள் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அந்தக் காலத்து டெட்டருக்கு 25 ஹெக்டேருக்குக் கீழ் கண் தெரியாது. அது தெரிந்ததும் வெட்டுகிறவர்கள் சின்னச்சின்னத் துண்டாக வெட்ட ஆரம்பித்தார்கள்.

அதே ஆண்டு 13 அமைச்சகங்களை ஒரே திட்டத்துக்குள் இழுத்து வந்தார். காட்டை அழிப்பது சுற்றுச்சூழல் துறையின் தலைவலி மட்டும் இல்லை, சாலை போடுகிறவன், கடன் கொடுக்கிறவன், பட்டா கொடுக்கிறவன் எல்லோரும் பொறுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். சுமார் 2.4 கோடி ஹெக்டேர் புதிதாகப் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. அது தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் கணிசமான பகுதிக்கு வேகம் வந்தது ஒரு கொலைக்குப் பிறகு. 2005 பிப்ரவரி 12-ல் அனபு என்ற ஊரில், நிலமற்றவர்களுக்காக உழைத்த 73 வயது கன்னியாஸ்திரி டாரத்தி ஸ்டாங் சுடப்பட்டார். சில நாட்களிலேயே அதே பாரா மாநிலத்தில் 33 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

2005 ஜூனில் நடந்த சோதனைக்கு 'குருபிரா' என்று பெயர் வைத்தார்கள். பாதங்கள் பின்னோக்கித் திரும்பிய, காட்டைக் காக்கும் நாட்டுப்புறப் பூதம் அது. காலடித் தடத்தைப் பார்த்துப் பின்தொடர்கிறவன் எதிர்த்திசையில் போய்த் தொலைவான். அந்தச் சோதனையில் மரக்கடத்தல்காரர்களோடு இபாமாவின் சொந்த அதிகாரிகளும் பிடிபட்டார்கள். தன் துறைக்குக் கீழே இருப்பவர்களையே பிடித்துக் கொடுக்கிற அமைச்சர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய வேலை 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் நடந்தது. கேட்க அலுப்பாக இருக்கும் ஒரு வேலை. அதிகம் காடழித்த 36 நகராட்சிகளின் பட்டியலை வெளியிட்டு, அந்த ஊர்களையே கண்காணிப்பில் வைத்தார்கள். சட்டவிரோதமாக வெட்டிய நிலத்தில் விளைந்ததை விற்கத் தடை. அடுத்து, நிலப் பதிவும் சுற்றுச்சூழல் சட்ட ஒழுங்கும் காட்டாத பண்ணைக்கு அமேசானில் வங்கிக்கடன் இல்லை என்ற விதி. பண்ணையாருக்கு அபராதச் சீட்டு வந்தால் மேசைக்குள் போட்டுவிடுவார். கடன் நின்றால் தூக்கம் வராது. பெரிய சோயா முதலாளியும் மாட்டோ குரோசோ மாநில ஆளுநருமான பிளைரோ மாஜி, செயற்கைக்கோள் கணக்கே தப்பு என்று சண்டைக்கு வந்ததே, அடி சரியான இடத்தில் விழுந்தது என்பதற்குச் சாட்சி.

காடழிப்பு குறைந்ததா?

குறைந்தது. 2007-ல் சுமார் 11,650 சதுர கி.மீ. அவர் பதவியிலிருந்து போன பிறகும் அந்த ஏற்பாடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2012-ல் 4,571-க்கு இறங்கியது.

எல்லாம் இவர் ஒருவரால்தானா?

இல்லை, அப்படிச் சொன்னால் தப்பு. 2004-க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் சோயா, மாட்டிறைச்சி விலையும் இறங்கியிருந்தது. விலை இறங்கினால் புது நிலத்துக்கான ஆசையும் இறங்கும். 2006-ல் சோயா வியாபாரிகள், புதிதாக அழித்த காட்டில் விளைந்ததை வாங்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டது கிரீன்பீஸ் போன்ற அமைப்புகளின் நெருக்கடியால். ஆனால் 2008-க்குப் பிறகு அந்த விலைகள் உயர்ந்த நேரத்திலும் காடழிப்பு தொடர்ந்து குறைந்தது. விலையை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது.

தோற்ற இடங்கள்?

நிறைய. மரபணு மாற்றுச் சோயாவை எதிர்த்தார், வந்துவிட்டது. சாவ் பிரான்சிஸ்கோ ஆற்று நீரைத் திருப்பும் திட்டம், அங்ரா அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலை, எல்லாவற்றிலும் அமைச்சரவைக்குள் அவர் பக்கம் ஆள் குறைவு. மதேய்ரா ஆற்றில் இரண்டு பெரிய அணைகளுக்கு உரிமம் தாமதமாவதாக அவர்மேல் கோபம். கடைசியில் 2007 ஜூலையில் அவருடைய காலத்திலேயே உரிமம் போனது. அமைச்சரவையில் அவரோடு அதிகம் மோதியவர் அப்போதைய அமைச்சரவைத் தலைமைச் செயல் அமைச்சர் தில்மா ரூசெஃப், பிற்பாடு ஜனாதிபதியானவர். இபாமாவைப் பிரித்துச் சிக்கோ மெண்டிஸ் பெயரில் தனி நிறுவனம் உண்டாக்கியபோது, சொந்த ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள்.

2008-ல் ஏன் ராஜினாமா செய்தார்?

அமேசான் வளர்ச்சித் திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பை லூலா இவருக்குத் தராமல், ஹார்வர்டில் சட்டம் கற்பித்த மங்கபேய்ரா உங்கர் என்ற அமைச்சரிடம் கொடுத்தார். காட்டில் பிறந்தவரைத் தாண்டிப் பேராசிரியருக்கு. மே 13-ல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு செனட்டுக்குத் திரும்பிவிட்டார். அது கடைசிச் சுமை, அவ்வளவுதான். புதிய கடன் விதியைத் தளர்த்த வேண்டும் என்ற நெருக்கடி ஏற்கனவே கழுத்தைப் பிடித்திருந்தது. விதி தளராமல் நிலைத்ததற்கு அந்த ராஜினாமா எழுப்பிய சத்தமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஜனாதிபதித் தேர்தல்களில் என்ன ஆனது?

2010-ல் பசுமைக் கட்சி வேட்பாளராக 1.96 கோடி ஓட்டு, மூன்றாவது இடம். 2013-ல் 'ரெடே' என்ற சொந்தக் கட்சியைப் பதிவு செய்யப் போனார். கையெழுத்து போதவில்லை என்று தேர்தல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் எடுவார்டோ கம்போஸ் என்பவருக்குத் துணை வேட்பாளராகச் சேர்ந்தார். 2014 ஆகஸ்ட் 13-ல் கம்போஸ் விமான விபத்தில் இறந்தார், மரினா முதன்மை வேட்பாளரானார். சில வாரம் கருத்துக்கணிப்பில் இவர்தான் ஜெயிப்பார் என்றே இருந்தது.

அப்புறம் தொழிலாளர் கட்சி வேட்பாளர் தில்மாவின் பிரசாரம் பாய்ந்தது. ஒரு விளம்பரத்தில் குடும்பம் ஒன்று சாப்பிட உட்கார்ந்திருக்க, மேசையிலிருந்து சாப்பாடு மெல்ல மெல்லக் காணாமல் போகும். மத்திய வங்கிக்குத் தன்னாட்சி கொடுப்பேன் என்று மரினா சொன்னதற்கு அந்தப் பதில்! பட்டினி கிடந்து வளர்ந்த ஒருவரைப் பார்த்து, அவருடைய பழைய கட்சியே. போதாக்குறைக்கு இவரும் சறுக்கினார். ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்த தேர்தல் அறிக்கையை மறுநாளே திருத்தினார். சுமார் 2.2 கோடி ஓட்டோடு மறுபடி மூன்றாமிடம்.

2018-ல் கிடைத்தது வெறும் ஒரு சதவீதம், பத்து லட்சத்துக்குச் சற்று மேல். அந்தத் தேர்தலில் ஜெயித்த வலதுசாரி வேட்பாளர் போல்சனாரோவின் அலைக்கும் தொழிலாளர் கட்சிக்கும் நடுவே நசுங்கிப் போனார்.

அவருடைய மதம் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கத்தோலிக்கராக வளர்ந்து 1997-ல் பெந்தகோஸ்தே சபைக்கு மாறினார். இடதுசாரிகளுக்கு அதனால் அவர்மேல் சந்தேகம். சபைக்காரர்களில் பெரும்பாலோர் வலதுசாரி, அவர்களுக்கும் சந்தேகம். இரண்டு வீட்டு விருந்தாளி.

லூலாவோடு மறுபடி எப்படிச் சேர்ந்தார்?

2019 முதல் 2022 வரை போல்சனாரோ ஆட்சியில் கண்காணிப்பு முடங்கியது. 2021-ல் மட்டும் சுமார் 13,000 சதுர கி.மீ. காடு போனது. 2022 செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றுக்குச் சில வாரம் முன், பழைய மனத்தாங்கலை ஒதுக்கிவிட்டு லூலாவை ஆதரித்தார். ஆதரவைச் சும்மா கொடுக்கவில்லை, சுற்றுச்சூழல் கோரிக்கைகளை எழுதிக் கையில் கொடுத்த பிறகுதான். அந்தத் தேர்தலில் சாவ் பாவுலோவிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்தார்.

இரண்டாம் முறை எப்படி?

எண்ணிக்கையில் நன்றாக. 2023-ல் சுமார் 9,000, 2024-ல் சுமார் 6,300, 2025-ல் சுமார் 5,800 சதுர கி.மீ. என்று ஆண்டுக்காண்டு இறங்கியது. 2024-ல் வறட்சியும் காட்டுத்தீயும் கொடுமையாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசியலில்தான் அடிமேல் அடி. வந்த சில மாதத்திலேயே, 2023 மே மாதம், நாடாளுமன்றம் நிலப் பதிவேட்டையும் நீர் ஆணையத்தையும் அவர் அமைச்சகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டது. 2025 மே 27-ல் செனட் குழு ஒன்றின் விசாரணையில் ஓர் உறுப்பினர் 'உங்கள் இடம் எது என்று தெரிந்து நடந்துகொள்ளுங்கள்' என்ற தொனியில் பேசினார். இன்னொருவர், பெண்ணாக மதிக்கிறேன், அமைச்சராக மதிக்க மாட்டேன் என்றார். மன்னிப்புக் கேட்டால் இருக்கிறேன் என்றார் மரினா. கேட்கவில்லை. எழுந்து வெளியேறிவிட்டார்.

அமேசான் முகத்துவாரத்தில் எண்ணெய் தோண்ட அனுமதி கொடுத்தது இவர் காலத்தில்தானே?

ஆமாம், அது உண்மை. 2023 மே மாதம் பெட்ரோபிராஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் விண்ணப்பத்தை இபாமா நிராகரித்தது, மரினா அந்த முடிவுக்குப் பின்னால் நின்றார். லூலாவுக்கோ அந்த எண்ணெய் வேண்டும். 2025 அக்டோபரில், காலநிலை மாநாட்டுக்குச் சில வாரம் முன்னால், ஆற்றின் வாயிலிருந்து சுமார் 500 கி.மீ. தள்ளிச் சோதனைக் கிணறு தோண்ட உரிமம் போய்விட்டது. அதற்காக அவர் ராஜினாமா செய்யவில்லை. 2008-ல் செய்தவர் இந்த முறை ஏன் செய்யவில்லை என்று சிலர் கோபப்பட்டார்கள். போல்சனாரோ காலத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டவர், எழுந்து போக யோசிப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெலேம் மாநாட்டின் இறுதி முடிவில் பெட்ரோலியத்தையும் நிலக்கரியையும் கைவிடுவதற்கான வழித்திட்டம் எதுவும் இடம்பெறவில்லை. அதற்காக வாதாடியவர்களில் இவர் முக்கியமானவர்.

படங்களில் எப்போதும் கழுத்தில் பெரிய மாலை ஒன்று போட்டிருக்கிறாரே?

அவரே கோத்தது. காட்டு விதை, மரத்துண்டு, மணி என்று கிடைப்பதை வைத்துச் செய்கிறார். சின்ன வயதில் பட்ட நோய்களும் அதற்குக் கொடுத்த மருந்துகளில் இருந்த பாதரசமும் உடம்பை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டன. கடையில் விற்கும் அழகுச் சாதனங்கள் பல ஒத்துக்கொள்ளாது, சாப்பாட்டிலும் ஏகப்பட்ட பத்தியம். மாலைக்கு மட்டும் ஒவ்வாமை இல்லை.